ஒன்பதாவது சாட்டையடி வரை வெற்றி நிற்கும், பத்தாவது சாட்டையடிக்குப் பறிபோகும்: ஜாக்கிகளுக்கான தண்டனை விதிகள் சரியா?

தராசுமுள் எழுதியது:

2023 ஜூலை 29 அன்று இங்கிலாந்தின் ஆஸ்கட்டில் நடந்த கிங் ஜார்ஜ் குதிரைப் பந்தயத்தை நேற்று இரவு மறுபடி பார்த்தேன். கடைசி நேர்ப்பாதையில் ஹுகும், வெஸ்ட்ஓவர் என்ற குதிரைகள் இரண்டும் ஒன்றை ஒன்று விடாமல் ஓடி வருகின்றன. ஹுகும் ஒரு தலை அளவில் ஜெயிக்கிறது. முந்தின வருடம் கொரனேஷன் கப் ஓடும்போது காலில் முறிவு வாங்கி, கிட்டத்தட்ட ஒரு வருடம் ஓடாமல் இருந்த ஆறு வயதுக் குதிரை. அது மீண்டு வந்து ஜெயிப்பதைப் பார்க்க எனக்கு இன்னமும் உடம்பு சிலிர்க்கிறது.

ஆனால் அந்தப் பந்தயத்தில் ஹுகுமை ஓட்டிய ஜாக்கி ஜிம் கிரவுலி சாட்டையை ஒன்பது தடவை பயன்படுத்தினார். பிரிட்டனில் அந்த வருடம் வந்த புது விதிப்படி ஃபிளாட் பந்தயத்தில், அதாவது தாண்ட வேண்டிய தடைகள் இல்லாத பந்தயத்தில், ஆறு தடவைதான் அனுமதி. தடை தாண்டும் பந்தயம் என்றால் ஏழு. மூன்று அடி கூடுதல் என்பதற்காக அவருக்கு 20 நாள் தடையும் 10,000 பவுண்டு அபராதமும் விதித்தார்கள். குதிரையின் வெற்றியில் கை வைக்கவில்லை. மொத்தப் பரிசு 12.5 லட்சம் பவுண்டு கொண்ட பந்தயம் அது.

அதே விதியில் இன்னொரு வரி இருக்கிறது. எல்லைக்கு மேல் நான்கு அடி போனால் குதிரையே தகுதி நீக்கம். அதாவது பத்தாவது அடி விழுந்திருந்தால் ஹுகும் ஜெயித்ததாகவே கணக்கில் இருக்காது.

எல்லை ஆறு என்றால் ஏழாவது அடியே விதிமீறல்தானே? ஏழு, எட்டு, ஒன்பது வரை ஜாக்கி மட்டும் தண்டனை அனுபவிக்க, ஓனர் கோப்பையைத் தூக்கிக்கொண்டு போகலாம் என்றால், அந்த மூன்று அடிக்கும் விலைச்சீட்டு ஒட்டி வைத்த மாதிரி ஆகிவிடுகிறது. ஆறோடு சாட்டையைத் தாழ்த்திய ஒரு ஜாக்கி தலையளவில் தோற்றால் அவரிடம் என்ன சொல்வீர்கள்? உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

*

லாயக்காரன் எழுதியது:

தம்பி, நான் பதினேழு வருடம் சைஸாக, அதாவது லாயத்தில் குதிரையைப் பராமரிக்கிறவனாக, வேலை பார்த்தவன். ஏழாவது அடிக்கே குதிரையைத் தகுதி நீக்கம் செய் என்று எழுத எளிதாக இருக்கும். காலை நாலு மணிக்கு எழுந்து அந்தக் குதிரைக்குக் காலுக்கு ஐஸ் கட்டி, வைக்கோல் மாற்றி, காய்ச்சல் வந்தால் பக்கத்தில் படுத்துத் தூங்கினவனைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். அவன் சாட்டையைத் தொடவே இல்லை. குதிரை ஜெயித்தால்தான் அவன் கைக்கு ஏதோ வரும். மேலே உட்கார்ந்திருந்தவன் எண்ணிக்கை தவறினதுக்கு லாயமே பட்டினி கிடக்க வேண்டுமா?

குதிரை செய்த தப்பு என்ன? அது ஓடினது. அவ்வளவுதான்.

*

பெர்க்‌ஷர் தமிழன் எழுதியது:

நான் ஆஸ்கட் பக்கத்தில்தான் இருக்கிறேன். அந்த விதி எப்படி வந்தது என்று சொல்கிறேன், அப்புறம் நியாயம் பேசலாம்.

2011 கிராண்ட் நேஷனல் என்ற தடை தாண்டும் பந்தயத்தில் பாலபிரிக்ஸ் என்ற குதிரை ஜெயித்தது. அன்று இரண்டு குதிரைகள் ஓட்டத்தில் இறந்தன. ஜெயித்த குதிரையும் களைத்துப்போய், ஜாக்கி உடனே இறங்க, தண்ணீர் ஊற்றிக் குளிர வைக்க வேண்டி வந்தது. ஜாக்கி ஜேசன் மகுவையருக்குச் சாட்டை அதிகமாகப் பயன்படுத்தியதற்காக ஐந்து நாள் தடை. இதையெல்லாம் லட்சக்கணக்கான பேர் டிவியில் நேரடியாகப் பார்த்தார்கள். அந்த வருடம் அக்டோபரில் புது விதி வந்தது. ஃபிளாட்டுக்கு ஏழு, தடை தாண்டும் பந்தயத்துக்கு எட்டு. அதோடு கடைசி ஃபர்லாங்கில் (சுமார் 200 மீட்டர்) ஐந்துக்கு மேல் கூடாது என்றும் சேர்த்தார்கள். மீறினால் பரிசில் ஜாக்கியின் பங்கு போய்விடும்.

விதி வந்த சில நாட்களிலேயே சாம்பியன் ஸ்டேக்ஸ் பந்தயம். சிரஸ் தெ ஸேக்ல் குதிரையில் கிறிஸ்டோஃப் சூமியோன் ஜெயித்தார். கடைசி ஃபர்லாங்கில் ஒரே ஒரு அடி கூடுதல். 50,000 பவுண்டுக்கு மேல் அவர் பங்கு போனது, ஐந்து நாள் தடை வேறு. ஜாக்கிகள் கொதித்துப்போய் வேலைநிறுத்தம் வரை பேசினார்கள். அதே மாதம் கடைசி ஃபர்லாங் கணக்கை எடுத்துவிட்டார்கள்.

ஆகவே 2023ல் நான்கு அடி இடைவெளி விட்டது சும்மா இல்லை. ஒரு அடி கூடியதை, வேண்டுமென்றே செய்தார் என்று சொல்ல முடியாது. குதிரை மணிக்கு அறுபது கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது, பக்கத்தில் இன்னொன்று மோதுகிற மாதிரி வருகிறது, கை ஒரு தடவை கூடுதலாகப் போகலாம். நான்கு தடவை கூடினால் அதைத் தவறுதல் என்று யாரும் நம்ப மாட்டார்கள்.

இன்னொன்று. அங்கே சாட்டைக் குற்றங்களை அன்றைக்கே முடிவு செய்வதில்லை. வாரம் ஒரு முறை செவ்வாய்க்கிழமை தனிக்குழு உட்கார்ந்து வீடியோ பார்க்கிறது. குதிரை தகுதி நீக்கமானாலும் அதன் மேல் பணம் கட்டியவர்களுக்கு அன்றே பட்டுவாடா ஆனது ஆனதுதான். மாறுவது பரிசுப் பணமும் பதிவேடும்.

*

தராசுமுள் எழுதியது:

லாயக்காரன் அண்ணே, நீங்கள் எழுதினதைப் படித்துவிட்டு நேரம் எடுத்துத்தான் பதில் போடுகிறேன். உங்கள் வலி நியாயம். ஆனால் ஒரு கேள்வி. பந்தயம் முடிந்து எடை பார்க்கும்போது ஜாக்கியின் எடை குறைந்தால் குதிரையைத் தகுதி நீக்கம் செய்கிறார்களே, அதில் மட்டும் சைஸ் என்ன தப்பு செய்தான்? எடையைச் சமன் செய்யும் ஈயத்தகடு சரியாக வைக்காதது ஜாக்கியோ டிரெய்னரோ. இருந்தாலும் குதிரை போகிறது, யாரும் கேட்பதில்லை. காரணம், குறைந்த எடையில் ஓடினால் ஓட்டமே நியாயமானது இல்லை. சாட்டையும் அப்படித்தான். கூடுதல் அடி குதிரையை முன்னே தள்ளியது என்றால் ஓட்டம் நியாயமில்லை. தள்ளவே இல்லை என்றால் சாட்டையே எதற்கு?

*

கால்நடை மருத்துவர் எழுதியது:

கடைசி வரிக்கு நான் பதில் சொல்ல வேண்டும். என் தொழிலே அது.

குதிரைத் தோல் தடிமனானது, வலி தெரியாது என்று லாயங்களில் சொல்லிக் கேட்டிருக்கிறேன். 2020ல் சிட்னி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் குதிரையின் தோலையும் மனிதத் தோலையும் நுண்ணோக்கியில் ஒப்பிட்டார்கள். மேல்தோலில் நரம்பு முனைகளின் அடர்த்தியில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. மேல்தோலின் தடிமனும் கிட்டத்தட்ட ஒன்றுதான். இப்போதைய சாட்டையில் மெத்தென்ற உறை இருப்பது உண்மை, பழைய தோல் சாட்டையை விட எவ்வளவோ மேல். அதற்காக அடி அடி இல்லை என்று ஆகாது.

அதே வருடம் இன்னொரு ஆய்வும் வந்தது. பிரிட்டனில் பயிற்சி ஜாக்கிகளுக்கென்று, சாட்டை கையில் இருக்கும் ஆனால் அடிக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு பந்தயங்கள் நடக்கின்றன. அப்படிப்பட்ட 67 பந்தயங்களையும், சாட்டை அனுமதித்த 59 பந்தயங்களையும் ஒப்பிட்டார்கள். ஓடி முடித்த நேரத்தில் வித்தியாசம் இல்லை. குறுக்கே விலகுவதிலும் இடையூறு செய்வதிலும் வித்தியாசம் இல்லை. பாதுகாப்புக்குச் சாட்டை தேவை, அது இல்லாமல் குதிரையைத் திருப்ப முடியாது என்பதுதான் இதுவரை சொல்லப்பட்ட பெரிய காரணம். அந்தக் காரணம் ஆட்டம் கண்டுவிட்டது.

நார்வேயில் 1982லிருந்தே ஜாக்கி குதிரையை விரட்டச் சாட்டையைப் பயன்படுத்த முடியாது. அங்கே இன்றும் குதிரைகள் ஓடுகின்றன. நீங்கள் எல்லாரும் ஆறா ஏழா என்று பேசுகிறீர்கள். எனக்கு அந்த ஆறே உறுத்துகிறது.

*

கிராஞ்சி வாசி எழுதியது:

டாக்டர் சொல்வதை மறுக்க மாட்டேன். ஆனால் சாட்டை மட்டும்தான் ஜாக்கி ஒழுக்கமா? ஆளைக் கொல்லக்கூடிய தப்புகள் வேறே இருக்கின்றன.

மேலே பேர் வந்த அதே சூமியோன். 2022 செப்டம்பர் 30, பாரிஸ் பக்கத்தில் சான்-க்ளூ மைதானம். ஓடிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் வந்த ஜாக்கி ரோசா ரையனை முழங்கையால் இடித்தார், ரையன் குதிரையிலிருந்து கீழே விழுந்தார். பின்னால் வந்த குதிரையின் குளம்பு படாமல் அவர் தப்பினது கடவுள் புண்ணியம். தண்டனை 60 நாள் தடை. தடை தொடங்கின தேதி அக்டோபர் 14. இடையில் அக்டோபர் 2ல் ஆர்க் பந்தயம், உலகத்தின் பெரிய பந்தயங்களில் ஒன்று. அதில் வடேனி குதிரையில் ஏறி இரண்டாவதாக வந்தார்! வெள்ளிக்கிழமை ஒருவரைக் கீழே தள்ளிவிட்டு ஞாயிற்றுக்கிழமை ஆர்க் ஓட முடிகிறது. ஆகா கான் லாயம் அவரோடு இருந்த ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டது. விதிப்புத்தகம் செய்யாததை அவருக்கு வேலை கொடுத்தவர் செய்தார்.

இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஜாக்கி ஃப்ராங்கி டெட்டோரி 2012ல் லாங்ஷாம்ப்பில் கொடுத்த மாதிரியில் கொக்கெய்ன் இருந்ததற்கு ஆறு மாதம். இன்னொரு ஜாக்கி ஆஷின் மர்ஃபி கோவிட் காலத்துப் பயண விதியை மீறி, அதை மறைத்துப் பொய் சொன்னது, மது அருந்தியது எல்லாம் சேர்த்து 2022ல் 14 மாதம். கூட ஓடுகிறவரைக் கீழே தள்ளினதற்கு 60 நாள். இந்தத் தராசு எனக்குப் புரியவில்லை.

*

பெர்க்‌ஷர் தமிழன் எழுதியது:

ஒரே நாட்டுத் தராசு இல்லை அது. டெட்டோரிக்கும் சூமியோனுக்கும் கொடுத்தது பிரான்ஸ், மர்ஃபிக்குக் கொடுத்தது பிரிட்டன். மர்ஃபி வழக்கில் பெரிய பங்கு பொய் சொன்னதற்குத்தான். ஜாக்கி சொல்வதைப் பந்தய நடுவர்களான ஸ்டூவர்ட்கள் நம்ப முடியாமல் போனால் விசாரணையே நடக்காது.

பிரிட்டனிலும் அடிதடிக்குத் தண்டனை இருந்திருக்கிறது. 1994ல் பெவர்லியில் பந்தயம் முடிந்தபிறகு ஜாக்கி கியரன் ஃபாலன் இன்னொரு ஜாக்கியைக் குதிரையிலிருந்து இழுத்துப் போட்டார், ஆறு மாதத் தடை. உடை மாற்றும் அறையில் நடப்பதும் இப்போது விசாரணைக்கு வருகிறது. ஜாக்கி பிரையனி ஃப்ராஸ்டைச் சக ஜாக்கி ராபி டன் மாதக்கணக்காக மிரட்டித் துன்புறுத்தியது 2021ல் நிரூபணம் ஆனது. முதலில் 18 மாதம், அதில் 3 மாதம் நிறுத்திவைப்பு. மேல்முறையீட்டில் 10 மாதமாகக் குறைந்தது. அந்தப் பெண் புகார் கொடுத்தபிறகு மற்ற ஜாக்கிகளில் பலர் அவருக்கு முகம் கொடுத்துப் பேசவில்லை. அதையும் தாங்கிக்கொண்டு வந்து சாட்சி சொன்னார். எனக்கு அவர் மேல் பெரிய மரியாதை.

*

பழைய ரேஸ்புக் எழுதியது:

சின்ன வயதில் கிடைக்கும் தண்டனை ஆளை மாற்றும் என்று சொல்வார்கள். இங்கிலாந்து ஜாக்கி லெஸ்டர் பிகட்டுக்கு அப்போது 18 வயது. 1954ல் நெவர் சே டை குதிரையில் இங்கிலாந்தின் டெர்பி பந்தயம் ஜெயித்த அதே மாதம், அதே குதிரையில் ராயல் ஆஸ்கட்டில் முரட்டுத்தனமாக ஓட்டினார் என்று லைசென்ஸைப் பறித்தார்கள். சொந்த அப்பாவின் லாயத்தை விட்டு வேறு டிரெய்னரிடம் போய் வேலை செய்யச் சொன்னார்கள். செப்டம்பரில் அந்தக் குதிரை செயின்ட் லெஜர் பந்தயம் ஜெயித்தபோது மேலே இருந்தது வேறு ஆள். அப்புறம் பிகட் மொத்தம் ஒன்பது டெர்பி ஜெயித்தார் என்பது எல்லாருக்கும் தெரியும்.

தண்டனை கொடுத்த கையோடு எங்கே வேலை செய்ய வேண்டும் என்பதையும் அவர்களே முடிவு செய்தார்கள். இன்று அப்படிச் செய்ய முடியாது. ஆனால் ஒரு பையனை யார் வளர்க்கிறார்கள் என்பதும் குற்றத்தில் ஒரு பாகம் என்று அன்றே யாரோ யோசித்திருக்கிறார்கள்.

*

தராசுமுள் எழுதியது:

என் கேள்விக்கே திரும்பி வருகிறேன், ஏனென்றால் இடையூறு விஷயத்தில் உலகமே இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது.

2019 மே 4, அமெரிக்காவின் கென்டக்கி டெர்பி. மாக்ஸிமம் செக்யூரிட்டி என்ற குதிரை முதலில் வந்தது. கடைசி வளைவில் அது விலகி வெளியே வந்து மற்ற குதிரைகளின் பாதையை அடைத்தது. ஆட்சேபம் கொடுத்தார்கள், ஸ்டூவர்ட்கள் 22 நிமிடம் வீடியோ பார்த்தார்கள், முதலில் வந்த குதிரையை 17வது இடத்துக்கு இறக்கினார்கள். ஒன்று கட்டினால் 65 கிடைக்கும் என்ற அளவுக்கு வாய்ப்பில்லாததாகக் கருதப்பட்ட கன்ட்ரி ஹவுஸ் டெர்பி வென்றதாக அறிவிப்பு. ஓட்டத்தில் நடந்த தப்புக்காக அந்த டெர்பியில் முதல் குதிரையை இறக்கியது அதுதான் முதல் தடவை. ஜாக்கி லூயிஸ் சயெஸுக்கு 15 நாள் தடை.

அமெரிக்காவில் கேள்வி இதுதான்: இடைஞ்சலால் ஒரு குதிரைக்கு நல்ல இடம் போனதா? போயிருந்தால் இடைஞ்சல் செய்த குதிரையை அதற்குப் பின்னால் வை. பிரிட்டனில் கேட்பது வேறு: இடைஞ்சல் இல்லாவிட்டால் பாதிக்கப்பட்ட குதிரை இதை முந்தியிருக்குமா? முந்தியிருக்காது என்றால் வெற்றி நிற்கும், ஜாக்கிக்குத் தனியாகத் தண்டனை. பிரான்ஸ் 2018ல் பிரிட்டன் பக்கம் வந்துவிட்டது. மாக்ஸிமம் செக்யூரிட்டி ஆஸ்கட்டில் ஓடியிருந்தால் வெற்றி நின்றிருக்கும் என்றுதான் நான் நினைக்கிறேன்.

எனக்கு அமெரிக்க வழி பிடித்திருக்கிறது. குறுக்கே போனால் ஜெயிக்கலாம், சில நாள் வீட்டில் உட்கார்ந்தால் போதும் என்ற எண்ணம் ஜாக்கிக்கு வரவே கூடாது.

*

லாயக்காரன் எழுதியது:

அந்த டெர்பியை நானும் பார்த்தேன். குளம்போடு குளம்பு தட்டி ஒரு குதிரை விழுந்திருந்தால் பின்னால் வந்த ஏழெட்டும் விழுந்திருக்கும். அதில் இறக்கினது சரி. நான் ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் ஜாக்கி ஏன் குறுக்கே போகிறான், ஏன் கூடுதலாக அடிக்கிறான் என்று இதுவரை யாரும் கேட்கவில்லை. நான் வேலை பார்த்த ஊர் ஒன்றில், பேர் வேண்டாம், ஒரு பயிற்சி ஜாக்கிப் பையன் இருந்தான். பத்தொன்பது வயது. என் பக்கத்து அறையில்தான் தங்கியிருந்தான். பந்தயத்துக்கு முன் குதிரைகளைச் சுற்றி நடத்திக் காட்டும் பேடக்கில் ஓனர் அவன் காதில் சொன்னது எனக்குக் கேட்டது. என்ன ஆனாலும் பரவாயில்லை, முன்னாடி கொண்டு வா. பையன் இடம் இல்லாத இடத்தில் உள்ளே நுழைந்தான். ஜெயித்தான். ஸ்டூவர்ட்கள் கூப்பிட்டார்கள். எட்டு ரேஸ் நாள் சஸ்பெண்ட். ஓனர் கோப்பையோடு போட்டோ எடுத்துக்கொண்டார். பையன் எட்டு ரேஸ் நாளும் காலையில் டிராக் வொர்க், அதாவது குதிரைகளின் பயிற்சி ஓட்டம், மட்டும் ஓட்டிக்கொண்டு, கையில் காசில்லாமல் என்னிடம் சாப்பிட்டான். அந்த ஓனரை விசாரணைக்குக் கூப்பிடக்கூட இல்லை. தடை முடிந்தபிறகு அந்த லாயத்தில் அவனுக்குக் குதிரையும் கொடுக்கவில்லை.

நம் நாட்டில் ஒரு கிளப் சஸ்பெண்ட் செய்தால் மற்ற கிளப்புகளும் அதை மதிக்கும். சென்னையில் தடை என்றால் பெங்களூரிலும் ஓட்ட முடியாது. அது சரியான ஏற்பாடுதான், ஆனால் பையனுக்குப் போக வேறு இடமில்லை.

*

கிராஞ்சி வாசி எழுதியது:

அண்ணே, இதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

சொன்னபடி செய்தவன் மாட்டிக்கொள்கிறான். சொன்னவரைப் பதிவேட்டில் தேடினாலும் கிடைக்காது. பணம் கட்டுகிற விஷயத்திலும் தராசு எனக்குப் புரியவில்லை. ஆஸ்திரேலியாவில் ஜாக்கி டேமியன் ஆலிவர் 2010ல் தான் ஏறின குதிரையை விட்டுவிட்டு அதே பந்தயத்தில் ஓடின இன்னொரு குதிரை மேல் 10,000 டாலர் கட்டினார், அது ஜெயித்தது. விஷயம் வெளியே வந்து 2012ல் 10 மாதம் தடை. 2013 நவம்பரில் ஃபியோரெண்டே குதிரையில் மெல்பர்ன் கப் ஜெயித்தார். அவர் திறமையில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் சாட்டை எண்ணிக்கை தவறினவனும், எதிர்க்குதிரை மேல் பணம் கட்டினவனும் ஒரே வரிசையில் நிற்கக் கூடாது. முதலாவது தவறுதல். இரண்டாவது, கடைசி இருநூறு மீட்டரில் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்த ஒவ்வொருவரையும் ஏமாற்றியது.

எங்கள் சிங்கப்பூர் கிராஞ்சி மைதானம் 2024 அக்டோபர் 5ல் கடைசிப் பந்தயத்தோடு மூடியாகிவிட்டது. எனக்குப் பேச இனி இந்த இழைதான் இருக்கிறது.

*

பழைய ரேஸ்புக் எழுதியது:

சென்னை கிண்டி ரேஸ் மைதானத்துக்கும் 2024 செப்டம்பரில் சீல் வைத்தார்கள், குத்தகைப் பிரச்சினை. 1777லிருந்து குதிரை ஓடின இடம். அதைப் பற்றித் தனி இழை போடலாம்.

இங்கே ஒன்று மட்டும் சொல்கிறேன். 1996ல் உச்ச நீதிமன்றம் மெட்ராஸ் ரேஸ் கிளப் வழக்கில் குதிரைப் பந்தயம் சூதாட்டம் இல்லை, திறமை விளையாட்டு என்று தீர்ப்புச் சொன்னது. குதிரையின் வம்சம், பயிற்சி, ஜாக்கியின் திறமை எல்லாம் சேர்ந்துதான் முடிவு வருகிறது என்பது அடிப்படை. ஒரு ஜாக்கி குதிரையை இழுத்துப் பிடித்து ஓட விடாமல் செய்தால், அந்தத் தீர்ப்பின் அஸ்திவாரத்தையே அசைக்கிறார். ஆகவே இழுத்துப் பிடிப்பதற்கு ஆயுள் தடை கொடுத்தாலும் நான் கேள்வி கேட்க மாட்டேன். கூடுதலாக ஓட வைக்கப் பார்த்தவனிடம் மட்டும் கொஞ்சம் இரக்கம் இருக்கட்டும்.

*

கால்நடை மருத்துவர் எழுதியது:

ஐயா, கூடுதலாக ஓட வைக்கப் பார்த்தது குதிரையின் முதுகில் போய் முடிகிறது. இரக்கம் இரண்டு பக்கமும் வேண்டும்.

*

லாயக்காரன் எழுதியது:

நான் சொன்ன அந்தப் பையன் இப்போது நியூமார்க்கெட்டில் காலை ஓட்டத்துக்குக் குதிரை ஏறுகிறான். இரண்டு குழந்தைகள். நேற்று போனில் கூப்பிட்டு இந்த இழையைப் படித்துக் காட்டினேன். அடியை எப்படி எண்ணுவாய் என்று கேட்டேன். வாய்விட்டு எண்ணுவேன் அண்ணே, ஆனால் கடைசி நூறு மீட்டரில் பக்கத்துக் குதிரையின் மூச்சு காதில் கேட்க ஆரம்பித்ததும் நம்பர் போய்விடும் என்றான்.

அப்போ ஏழாவது அடிக்கே வெற்றியைப் பறித்தால் உனக்குக் கஷ்டம்தானே என்றேன். இல்லை என்று சொல்லிவிட்டான். ஜெயித்தபிறகு தண்டனை எனக்கு மட்டும் என்றால் ஓனர் அடி என்பார். கோப்பையும் போகும் என்றால் பேடக்கில் அவரே என் கையைப் பிடித்து, ஆறுக்கு மேல் போகாதே தம்பி என்று சொல்லுவார். எனக்கு அதைச் சொல்ல ஒரு ஆள் இருந்திருந்தால் போதும் அண்ணே என்றான்.

தராசுமுள் தம்பி, நான் முதலில் எழுதினதை மாற்றிக்கொள்கிறேன். சைஸுக்குச் சேர வேண்டியதைக் கிளப் தன் கையிலிருந்து கொடுக்கட்டும். வெற்றியைப் பறியுங்கள்.